எண்பத்தொன்பதாம் நாள் வரை

2024 மார்ச் 27, புதன்கிழமை, காலை பதினொன்று நாற்பது. சிவகாசியில் வெயில் முப்பத்தொன்பது டிகிரி, காற்று அசைவே இல்லை. கிளையில் இருந்த ஐந்து மின்விசிறிகளில் மூன்று ஓடின. கவுண்டரில் பதினேழு பேர் நின்றார்கள். நிதியாண்டு முடிய நான்கு நாள். நான் ஓய்வுபெறத் தொண்ணூற்றைந்து நாள். மேலாளர் தணிக்கை விஷயமாக மதுரைக்குப் போயிருந்ததால் கிளை அன்று என் பொறுப்பில் இருந்தது.

கடன் மேசைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு இதை எழுதுகிறேன். படிவம் நிரப்புவதைப் பற்றி நான் சொல்ல ஒன்றுமில்லை. அதைக் கணினியே கேட்டுக் கேட்டு வாங்கிக்கொள்கிறது. முப்பத்து நான்கு வருடம் வங்கியில் இருந்து, அதில் பத்தொன்பது வருடம் கடன் மேசையில் உட்கார்ந்த நான் செய்த ஒரு தவறை மட்டும் சொல்கிறேன். அதைக் கவனக்குறைவில் செய்திருந்தால் இவ்வளவு உறுத்தாது. நாட்குறிப்பில் தேதி போட்டு, ஒழுங்காக, மக்களுக்கு நல்லது செய்வதாக நினைத்துக்கொண்டு செய்தேன்.

அந்தப் பதினொன்று நாற்பதுக்கு என் மேசைக்கு முன்னால் வந்து நின்றவள் ஸ்டெல்லா. இருபத்து நான்கு வயது, தாயில்பட்டிப் பெண், விருதுநகரில் ஒரு தனியார் மருத்துவமனையில் நர்ஸ். கூடவே அவள் அம்மா அந்தோணியம்மாள். அவர் பட்டாசு ஆலையில் சக்கரத்துக்கு மருந்து செலுத்துகிறவர். வேலையைப் பாதியில் விட்டு வந்திருந்தார். நக இடுக்கில் அலுமினியப் பொடி மின்னியது. ஸ்டெல்லாவின் கையில் ஒரு தாள். உட்காரச் சொன்னேன். இருவரும் உட்காரவில்லை.

"சார், வீட்டுக் கடன் இல்லைன்னுட்டாங்க" என்றாள்.

கடன் கேட்டது எங்களிடம் இல்லை. அவள் சம்பளக் கணக்கு இருந்த வேறொரு வங்கியின் விருதுநகர்க் கிளையில். வீடு, அவர்கள் பதினோரு வருடமாக வாடகைக்கு இருக்கும் வீடுதான். இரண்டு அறை, ஒரு சமையலறை. வீட்டுக்காரர் விற்கிறார் என்றதும் பன்னிரண்டு லட்சத்துக்குப் பேசி, ஒரு லட்சத்து இருபதாயிரம் முன்பணம் கொடுத்து, மூன்று மாதத்தில் கிரயம் செய்துகொள்வதாக ஒப்பந்தம் எழுதிப் பதிந்திருந்தார்கள். முன்பணம் என்பது அந்த வருடத்து போனஸும் அந்தோணியம்மாளின் சங்கிலியும். கெடு மறுநாள், வியாழக்கிழமை. அதற்குள் மீதிப் பணத்தோடு சார்பதிவாளர் அலுவலகத்தில் நிற்காவிட்டால் முன்பணம் போய்விடும். வீட்டையும் காலி செய்ய வேண்டும்.

தாளை வாங்கிப் பார்த்தேன். அவளுடைய கடன் அறிக்கை. கிரெடிட் ஸ்கோர் தொள்ளாயிரத்துக்கு அறுநூற்றுப் பன்னிரண்டு; வீட்டுக் கடனுக்கு எழுநூறுக்கு மேல் கேட்பார்கள். வாழ்க்கையில் அவள் வாங்கியது ஒரே ஒரு கடன், எங்கள் கிளையில் ஒரு ஸ்கூட்டர் கடன். முப்பது தவணை, மாதம் இரண்டாயிரத்து எண்ணூற்று நாற்பது. கடைசித் தவணை அந்தப் பிப்ரவரியில் கட்டி முடிந்திருந்தது. கடன் தீர்ந்த சான்றிதழில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தவன் நான். அந்த முப்பது கட்டங்களில் ஒன்பது கட்டங்கள் சிவப்பு. நவம்பர் 25, டிசம்பர் 56, ஜனவரி 87. அடுத்த வருடமும் 25, 56, 87. அதற்கு அடுத்த வருடமும் அதே மூன்று எண்கள். மாதக் கடைசியில் தவணை எத்தனை நாள் தாமதமாகி இருந்தது என்பதுதான் அந்த எண்.

அவற்றை நான் யாரிடமும் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கவில்லை. மூன்றும் என்னுடைய எண்கள்.

இந்தப் பக்கத்தில் வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும். தீபாவளிக்கு முந்தின வாரம் போனஸ் கொடுத்து, கணக்கு முடித்து, ஆலையை மூடுவார்கள். பிறகு பூஜை போட்டுத் திறக்க வாரக்கணக்கில் ஆகும். திறந்தாலும் பொங்கல் வரை முழு வேலை இருக்காது. அந்த மாதங்களில் கூலி இல்லை. ஸ்டெல்லாவுக்கு அப்போது சம்பளம் பதினோராயிரம். அம்மா அப்பா இரண்டு பேர் கூலியும் நின்ற வீட்டில் அதுதான் அடுப்பெரித்தது. 2021 நவம்பரில் அவள் என்னிடம் வந்து, "சார், மூணு மாசம் கஷ்டம் சார்" என்றாள்.

நான் விரல் விட்டு எண்ணினேன். நவம்பர் ஐந்தாம் தேதித் தவணையைக் கட்டாவிட்டால் தொண்ணூறு நாள் வரை அது வாராக்கடன் ஆகாது. எண்பத்தொன்பதாம் நாள் பிப்ரவரி 2. "பிப்ரவரி ரெண்டுக்குள்ள மொத்தமாக் கட்டிரும்மா. ஒண்ணும் ஆகாது" என்றேன்.

இதை நான் அவளுக்கு மட்டும் சொல்லவில்லை. ஆலைக் குடும்பம் என்றால் எல்லோருக்கும் சொன்னேன். நாட்குறிப்பில் பெயருக்கு எதிரே எண்பத்தைந்தாம் நாளைக் குறித்துவைத்து, அன்று காலையில் போன் செய்வேன். யாரும் ஏமாற்றவில்லை. வாராக்கடன் இல்லாத கிளை என்று வட்டார அலுவலகம் இரண்டு வருடம் எங்களுக்குக் கேடயம் கொடுத்தது. அது என் மேசைக்குப் பின்னால் கண்ணாடி அலமாரியில் இருந்தது.

கிரெடிட் ஸ்கோர் என்ற ஒன்று எனக்குத் தெரியாதா? தெரியும். சுற்றறிக்கை வந்திருக்கிறது, பயிற்சிக்குப் போயிருக்கிறேன், தேர்வில் நாற்பதுக்கு முப்பத்தெட்டு வாங்கியிருக்கிறேன். ஆனால் அது பெரிய கடன் கேட்கிறவர்களின் விஷயம் என்று மனத்தில் ஒதுக்கிவைத்திருந்தேன். வங்கிக்குத் தொண்ணூறாம் நாள்தான் நெருப்பு. முதல் கடன் வாங்கிய பிள்ளைக்கு அது முதல் நாளிலேயே பற்றிவிடுகிறது. இரண்டு நாட்காட்டிகள் இருப்பதை நான் எண்ணிப் பார்க்கவே இல்லை.

"நீங்க சொன்ன தேதியிலதான சார் கட்டுனோம்" என்றார் அந்தோணியம்மாள். குரலை உயர்த்தவில்லை. "ஒரு தடவகூடத் தப்பலையே. போன வருசம் பிப்ரவரி ஒண்ணாந் தேதியே வந்து கட்டுனேன். நீங்ககூடச் சிரிச்சீக. ஒரு நாள் முந்தியே வந்துட்டீகளேன்னு."

சிரித்தது எனக்கு நினைவில் இருந்தது.

விருதுநகர் மேலாளருக்குப் போன் போட்டேன். இளைஞர், வேகமாகப் பேசுகிறவர். வழக்கறிஞர் அறிக்கை, மதிப்பீடு எல்லாம் தயார் என்றும், மதுரையில் இருக்கும் தங்கள் கடன் அனுமதி மையத்தில்தான் ஸ்கோரைப் பார்த்துத் திருப்பிவிட்டார்கள் என்றும் சொன்னார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"சார், ஒரு வழி இருக்கு. அந்த ஒன்பது மாசமும் உங்க பதிவுல நடந்த பிழைன்னு நீங்க திருத்தம் அனுப்புங்க. திருத்தம் ஏற ஒரு மாசம் ஆகட்டும். அனுப்பினதுக்கு ஒப்புகைச் சீட்டு வரும்ல, அது போதும் எனக்கு. இன்னிக்கு அஞ்சு மணிக்குள்ள வந்தா நாளைக்குக் காலையில செக் ரெடி."

"பிழை இல்லாவிட்டால்?" என்றேன்.

"அது உங்க பிராஞ்ச் விஷயம் சார்" என்று வைத்துவிட்டார்.

மணி பன்னிரண்டே கால். திருத்தப் படிவத்தை என் கணினியில் திறந்தேன். மாதத்துக்கு ஒரு வரி, ஒன்பது வரி. ஒவ்வொரு வரியிலும் பழைய எண், புதிய எண், காரணம். நான் நிரப்பி அனுப்பினால் இன்னொரு அதிகாரி ஒப்புதல் கொடுக்க வேண்டும். அந்த இன்னொருவர் விக்னேஷ். மல்லாங்கிணற்றுப் பையன், இருபத்தேழு வயது, வேலைக்கு வந்து ஒன்றரை வருடம். பக்கத்து மேசையிலிருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தான்.

"போடுங்க சார், நான் ஓகே குடுத்துருதேன்" என்றான். "நாலு நாள்ல இயர் எண்டிங். இந்தக் கூட்டத்துல யாரு இதைப் போயி பாக்கப் போறா?"

ஒன்றாம் வரி நிரப்பினேன். நவம்பர் 2021, இருபத்தைந்துக்குப் பதில் பூஜ்யம். காரணம்: வங்கியின் பதிவுப் பிழை. இரண்டு, மூன்று, நான்கு. என் விரல் ஒவ்வொரு வரியிலும் மெதுவானது. கவுண்டரில் யாரோ டோக்கன் எண்ணுக்குச் சண்டை போட்டார்கள். ஸ்டெல்லா கைக்கடிகாரத்தைப் பார்ப்பதும் என் திரையைப் பார்ப்பதுமாக இருந்தாள். ஏழாவது வரியில் நிறுத்தினேன்.

"விக்னேஷ், உனக்கு ஓய்வு எந்த வருஷம்?"

"என்ன சார் இப்பப் போயி? ரெண்டாயிரத்து அம்பத்தேழு."

முப்பத்து மூன்று வருடம். எனக்குத் தொண்ணூற்றைந்து நாள். இந்தப் பொய் ஐந்து வருடம் கழித்து ஒரு தணிக்கையில் வெளியே வந்தால் நான் வீட்டில் இருப்பேன், இவன் இந்த நாற்காலியில் இருப்பான். அவன் பெயர் ஒன்பது வரியிலும் இருக்கும். ஸ்டெல்லாவின் வீட்டுக் கடன் பொய்ச் சான்றில் வாங்கியது என்று ஆகும். அப்போது வங்கி கேட்கப் போவது ஒரு தவணையை அல்ல, மொத்தத்தையும்.

நான் திரையை மூடியதை அந்தோணியம்மாள் பார்த்துவிட்டார்.

"ஏன் சார் நிப்பாட்டிட்டீக?"

"இது பொய்ம்மா. பதிவு சரியாத்தான் இருக்கு."

"பொய்யா?" அவர் மேசையில் கை ஊன்றிக் குனிந்தார். "தப்புச் சொன்னது யாரு? நீங்கதான? அப்பப் பேங்க் மேல தப்புன்னு எழுதுறதுல என்ன பொய்யி இருக்கு? எங்களுக்குச் சொல்லும்போது வாய் கூசல. இப்ப எழுதுறதுக்கு மட்டும் கூசுதாக்கும்?"

"அம்மா, விடு" என்றாள் ஸ்டெல்லா. ஆனால் அவளும் என்னைப் பார்க்கவில்லை. "சார், அஞ்சு மணிக்குள்ளன்னு சொன்னாங்கல்ல. நீங்க போட்டாத்தான் சார் வீடு."

முப்பத்து நான்கு வருடத்தில் என்னிடம் அழுதவர்கள் உண்டு, திட்டியவர்கள் உண்டு, ஒருவர் நாற்காலியைத் தூக்கியிருக்கிறார். அப்போதெல்லாம் என் பக்கம் விதி இருந்தது. அன்று விதி இருந்தது, நியாயம் அவர்களிடம் இருந்தது. அந்தோணியம்மாள் சொன்னதில் பாதி சரி. தப்பு என் மேல்தான். ஆனால் அதை எழுத வேண்டிய இடம் அந்தப் படிவம் இல்லை. ஏழு வரியையும் அழித்துவிட்டு, வங்கியின் கடிதத்தாளை எடுத்தேன். தட்டச்சு செய்ய விக்னேஷைக் கேட்கவில்லை. கையால் எழுதினேன்.

"ஸ்டெல்லா என்பவரின் வாகனக் கடனில் ஒன்பது மாதங்களில் பதிவாகியுள்ள தாமதங்கள் உண்மையானவை. ஆலைகள் மூடியிருக்கும் மாதங்களில் தவணையைத் தள்ளிப்போடலாம் என்றும், எண்பத்தொன்பது நாளுக்குள் கட்டினால் போதும் என்றும் அவருக்குச் சொன்னவன் நான். இதனால் அவரது ஸ்கோர் குறையும் என்று நான் சொல்லவில்லை. நான் குறித்துக் கொடுத்த தேதிகளில் அவர் ஒருமுறைகூடத் தவறவில்லை."

பெயர், பதவி, பணியாளர் எண், தேதி, நேரம் ஒன்று இருபது. முத்திரை வைத்தேன். விக்னேஷ் எட்டிப் பார்த்து வாசித்தான்.

"சார், இது உங்களுக்கு நீங்களே வேட்டு வச்சுக்கிற மாதிரி. மூணு மாசம் பல்லைக் கடிச்சுக்கிட்டு இருந்தா மாலை போட்டு அனுப்பிருவாங்க."

"ஸ்கேன் பண்ணி விருதுநகருக்கு அனுப்பு" என்றேன்.

பதிலுக்கு இரண்டு மணி நேரம் காத்திருந்தோம். ஸ்டெல்லாவும் அம்மாவும் கிளையை விட்டுப் போகவில்லை. டீ வாங்கிவரச் சொன்னேன். ஸ்டெல்லா குடித்தாள். அந்தோணியம்மாள் டம்ளரைத் தொடவில்லை. மூன்று இருபதுக்குப் போன் வந்தது.

"சார், படிச்சேன்" என்றார் விருதுநகர் மேலாளர். இப்போது அவர் வேகமாகப் பேசவில்லை. "இதை வச்சு நான் கையெழுத்துப் போட முடியாது. மையத்துல கமிட்டிக்கு வைக்கணும். வச்சா எடுபடலாம். ஆனா உங்க வட்டார அலுவலகத்துல உறுதி கேப்பாங்க. ஆறு வாரமாவது ஆகும். நாளைக்கு ஆகாது சார். நடுவுல உங்களுக்கும்..."

"எனக்கு ஆகிறதை நான் பார்த்துக்கொள்கிறேன். கமிட்டிக்கு வையுங்கள்."

போனை வைத்து, நாளைக்கு ஆகாது என்று நான் சொன்னதும் அந்தோணியம்மாள் எழுந்தார். "உண்மையை எழுதிட்டீக. நல்லாருங்க. எங்க ஒரு லட்சத்து இருவதாயிரத்த நாளைக்கு வீட்டுக்கார அண்ணாச்சி எடுத்துக்கிருவாரு" என்று சொல்லிவிட்டு வெளியே நடந்தார்.

அன்று நான் வீட்டுக்குப் போன வழி எனக்கு நினைவில் இல்லை. கிளைப் பூட்டை மூன்று முறை இழுத்துப் பார்த்தது மட்டும் நினைவிருக்கிறது.

மறுநாள் கிளை திறந்ததும் என் சேமிப்புக் கணக்கிலிருந்து ஐம்பதாயிரம் எடுத்தேன். மேலாளர் ஊர் திரும்பியிருந்தார். அரை நாள் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு வாடகைக் காரில் தாயில்பட்டிக்குப் போனேன். காருக்கு ஆயிரத்து நானூறு ரூபாய், காத்திருப்புக் கட்டணம் சேர்த்து. ஸ்டெல்லாவும் அம்மாவும் வீட்டுக்காரரின் மளிகைக் கடை வாசலில் நின்றார்கள். நான் வருவேன் என்று அவர்கள் நினைக்கவில்லை. அந்தோணியம்மாள் என்னைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

கடைக்காரரை ஊரே அண்ணாச்சி என்றது. துவரம்பருப்பு நிறுத்துக்கொண்டே வரவேற்றார்.

"வாங்க சார், வாங்க. இம்புட்டு வருசத்துல பேங்க்காரக என் கடைப் படி ஏறி இன்னிக்குத்தான் பாக்கேன். என்ன, கடன் எதுவும் வேணுமா?"

உள்ளே ஒரு நாற்காலியில் சாத்தூர்க்காரர் ஒருவர் மஞ்சள் பையை மடியில் வைத்தபடி உட்கார்ந்திருந்தார். அந்த வீட்டுக்கு ஐம்பதாயிரம் கூடுதலாகத் தருவதாகச் சொல்லி, கெடு முடியக் காத்திருப்பவர். மணி பத்தே முக்கால்.

"கடன் வேண்டாம். இவர்களுக்கு இரண்டு மாதம் அவகாசம் வேண்டும்" என்றேன்.

"அவகாசத்துக்கு உங்க பேங்க்ல வட்டி போடுவீகளா, மாட்டீகளா?"

"போடுவோம்."

"அப்ப நானும் போடுவேன்ல. எழுபத்தஞ்சாயிரம்."

அந்தோணியம்மாளால் பொறுக்க முடியவில்லை. "அண்ணாச்சி, பதினோரு வருசம். ஒரு மாசம் வாடகை ஒரு நாள் தள்ளிக் குடுத்திருக்கேனா? ஆலை மூடிக் கெடந்தப்பகூடக் குடுத்தேனா இல்லையா?"

"குடுத்த. யாரு இல்லன்னா? ஒன்னய மாதிரி வாடகை குடுத்தவக இந்தத் தெருவுலயே கெடையாது." அண்ணாச்சி தராசை இறக்கி வைத்தார். "அதான் எனக்குப் புரியல. இப்பேர்ப்பட்ட ஆளுக்கு ஏன் கடன் இல்லங்கான்? நீங்களே சொல்லுங்க சார், நீங்கதான படிச்சவக."

நூற்று முப்பத்திரண்டு மாத வாடகை. ஒன்றுகூட எந்த அறிக்கையிலும் இல்லை. அவள் கடனாளியாகப் பதிவான முப்பது மாதத்தில் நான் கெடுத்த ஒன்பது மாதம்தான் நாட்டுக்குத் தெரிந்த ஸ்டெல்லா.

"என்னால்தான் இல்லை என்றார்கள்" என்றேன். "தவணையைத் தள்ளிக் கட்டச் சொன்னது நான்."

சாத்தூர்க்காரர் செல்போனிலிருந்து தலையைத் தூக்கினார். பிறகு, "அது சரி அண்ணாச்சி, நம்ம சோலியச் சீக்கிரம் முடிங்க. நாலு மணிக்கு நான் போகணும்" என்றார்.

நான் அவர் பக்கம் திரும்பினேன். இதை மிரட்டலாகச் சொல்லவில்லை. கடன் மேசையில் தினமும் பார்க்கிற விஷயம். "ஐயா, இவர்கள் ஒப்பந்தம் பதிவு செய்தது. வில்லங்கச் சான்று போட்டால் இந்தப் பெண் பெயர் வரும். இவள் ரத்து எழுதிக் கையெழுத்துப் போட்டால்தான் அது நீங்கும். இல்லையென்றால் வழக்குப் போட இவளுக்கு உரிமை இருக்கிறது. கெடு முடிந்தாலும் அந்தப் பதிவு தானாகப் போகாது."

சாத்தூர்க்காரர் அண்ணாச்சியைப் பார்த்தார். "வில்லங்கத்துல வருமா? நீங்க சும்மா எழுதுன பேப்பருன்னுல்ல சொன்னீக?"

"அதெல்லாம் ஒண்ணும் ஆகாதுங்க..."

"ஆகாதுன்னா நீங்களே ரத்துப் பண்ணி வச்சுட்டுக் கூப்புடுங்க. கேசுல கெடக்க வீட்டுக்கு நான் எதுக்குக் காசு போடணும்?" மஞ்சள் பையைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு அவர் வெளியே போனார். வண்டியைக் கிளப்பும் சத்தம் கேட்டது.

அண்ணாச்சி என்னை வெகுநேரம் பார்த்தார். அவர் கோபத்தில் அவகாசமே இல்லை என்று சொல்லிவிட்டால் நான் கேட்டு வந்ததும் போகும், கோர்ட்டில் அலைய இவர்களுக்குத் தெம்பும் கிடையாது. நான் அதிகம் பேசிவிட்டேனோ என்று பயந்தேன்.

"அம்பதாயிரம் எனக்கு நட்டமாக்கிட்டீகளே சார்" என்றார் கடைசியில்.

"முப்பது தருகிறேன்."

"அம்பது."

"நாற்பது."

"நாப்பத்தஞ்சு. இதுக்கு மேல வாயத் தொறந்தீகன்னா துவரம்பருப்பும் கெடையாது."

நாற்பத்தைந்தாயிரத்தை எண்ணிக் கொடுத்தேன். இரண்டு முறை எண்ணினேன், அவர் ஒரு முறை எண்ணினார். ஆவண எழுத்தரைப் பிடித்து மே 31 வரை நீட்டிப்பு எழுதி, சார்பதிவாளர் அலுவலகத்தில் கம்ப்யூட்டர் இரண்டு முறை நின்று போய், மூன்று முப்பத்தைந்துக்குப் பதிவானது. வெளியே வந்ததும் அந்தோணியம்மாள் என்னிடம், "சாப்பிட்டீகளா?" என்றார். இரண்டு நாளில் அவர் என்னிடம் பேசிய ஒரே நல்ல வார்த்தை அதுதான். சாப்பிடவில்லை என்றேன். அவர் மேற்கொண்டு ஒன்றும் கேட்கவில்லை, நானும் எதிர்பார்க்கவில்லை.

ஏப்ரல் முழுவதும் ஒரு தகவலும் வரவில்லை. மே பத்தாம் தேதி எங்கள் வட்டார அலுவலகத்திலிருந்து எனக்கு விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது. அதைப் பார்த்து எனக்குச் சந்தோஷம் என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள். கமிட்டி உறுதி கேட்டிருக்கிறது, என் கடிதம் குப்பைக்குப் போகவில்லை என்று அதற்கு அர்த்தம். எல்லாவற்றையும் எழுதினேன், அண்ணாச்சிக்கு நான் பணம் கொடுத்தது உட்பட. அதுவும் விதிப்படி தவறுதான். மே 27 அன்று கடன் அனுமதியானது, கெடுவுக்கு நான்கு நாள் இருக்கும்போது. மே 30 அன்று கிரயம். ஸ்டெல்லா போனில், "முடிஞ்சிருச்சு சார்" என்றாள். பிறகு, "தவணைத் தேதி அஞ்சு. நான் ஒண்ணாந் தேதியே கணக்குல வச்சிருவேன் சார்" என்றாள். நான் சரி என்றேன்.

இப்போது நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி: அந்த 2021 நவம்பரில் நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? விடை என் கண் முன்னால் இருந்தது. கூலி நிற்பதற்கு முந்தின வாரம்தான் போனஸ் வருகிறது. மூன்று தவணை எட்டாயிரத்து ஐந்நூற்று இருபது ரூபாய். புதுத்துணியும் பலகாரமும் வாங்குவதற்கு முன்னால் அதை மட்டும் கணக்கில் போட்டு வை, மாதம் ஐந்தாம் தேதி தானாகப் பிடித்துக்கொள்ளும் என்று ஒரு வாக்கியம். அந்த வாக்கியத்தைச் சொல்ல வங்கியின் எந்த விதியும் குறுக்கே நிற்கவில்லை. எனக்குத் தோன்றவில்லை, ஏனென்றால் நான் எண்ணியது வங்கியின் நாட்களை.

ஓய்வுபெறும் முன் என் பழைய நாட்குறிப்புகளை எடுத்து எண்ணினேன். எண்பத்தொன்பதாம் நாள் வரை போகலாம் என்று நான் சொல்லியிருந்தவர்கள் அறுபத்து மூன்று பேர். அவர்களில் இருபத்தைந்து வயதுக்குக் கீழே, முதல் கடன் வாங்கியவர்கள் இருபத்து நான்கு பேர். போனில் கிடைத்தவர்கள் ஐம்பத்தொருவர். நடந்ததைச் சொன்னேன். சிலர் திட்டினார்கள். ஒரு பையன், "ஸ்கோர்னா என்ன சார்?" என்று கேட்டான். பன்னிரண்டு பேர் எங்கே இருக்கிறார்கள் என்று இன்னும் தெரியவில்லை. எந்த வங்கியில், எந்த மேசைக்கு முன்னால், எந்தத் தாளோடு நிற்கிறார்களோ.

உங்கள் முன்னால் இருபத்தொரு வயதில் ஒருவர் வந்து, இரண்டு மாதம் தள்ளிக் கட்டலாமா என்று கேட்டால், கட்டலாம் என்று விதி சொல்வதோடு நிறுத்தாதீர்கள். கட்டினால் அவர் பெயரில் என்ன எழுதப்படும் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். அதைச் சொல்ல இரண்டு நிமிடம் ஆகும். வரிசையில் பதினேழு பேர் நின்றாலும் சொல்லுங்கள்.

ஸ்டெல்லாவுக்கு ஆன செலவு இன்னும் முடியவில்லை. ஸ்கோர் குறைவு என்பதால் முக்கால் சதவீதம் கூடுதல் வட்டி போட்டுத்தான் கடன் கொடுத்தார்கள். மாதம் நானூற்று ஒன்பது ரூபாய், நூற்று எண்பது மாதம், மொத்தம் எழுபத்து மூவாயிரத்து அறுநூற்று இருபது. அதை நான் கொடுக்கிறேன் என்றேன், வேண்டாம் என்றுவிட்டாள். அண்ணாச்சிக்குக் கொடுத்ததைத் திருப்பித் தருகிறேன் என்றாள், நான் வேண்டாம் என்றுவிட்டேன்.

எனக்கு வந்த தண்டனை உத்தரவின் தேதி ஜூன் 21. ஒரு இன்கிரிமென்ட் குறைப்பு. ஓய்வுபெற்றபோது கைக்கு வந்த தொகையில் அதனால் குறைந்தது அறுபத்தோராயிரத்து முந்நூற்று எண்பது. வீட்டில் நான் இதைச் சொன்னது ஜூலையில்தான். என் மனைவி நான் கணக்குப் போட்டிருந்த தாளை வாங்கி, காரையும் அண்ணாச்சியையும் சேர்த்து, தானே ஒரு முறை கூட்டிப் பார்த்தாள். விடை சரியாக இருந்தது. ஒரு லட்சத்து ஏழாயிரத்து எழுநூற்று எண்பது ரூபாய்.